பால்கனித் தொட்டியில் கூடு: எடுத்து மரத்தில் வைக்கலாமா?

பிப்ரவரி 24, 2025. கேள்வி, திருப்பூரிலிருந்து ஒரு வாசகி

மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பால்கனியில் தொங்கும் மணி பிளாண்ட் தொட்டிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை வைத்திருக்கிறது. துணி காயப்போடும் கொடி அதற்கு இரண்டடி தள்ளித்தான். கதவைத் திறந்தாலே பறந்து போகிறது. அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்புவதாக வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். தொட்டியோடு எடுத்து எதிரே இருக்கும் மாமரத்தில் கட்டிவிட்டால் தாய்க்குருவி தேடிப் போய்விடும் என்கிறார் என் அத்தை. செய்யலாமா?

பிப்ரவரி 24, இரவு

எடுக்காதீர்கள். கூட்டை மட்டும் எடுத்தாலும் சரி, தொட்டியோடு எடுத்தாலும் சரி, குருவி தேடி வராது. அதற்குத் தெரிந்தது கூடு இருந்த இடம்தான். மாமரம் பத்தடியில் இருந்தால்கூட, அது காலிக் கொக்கியையே சுற்றிச் சுற்றிக் கத்தும். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை அணிலுக்கோ காகத்துக்கோ போகும்.

காலக்கணக்கு சொல்கிறேன். அடைகாப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். பொரிந்த பிறகு குஞ்சு கூட்டில் இருப்பது இன்னும் 12, 13 நாள். நாளுக்கு ஒன்றாகத்தான் முட்டை இடும். மூன்றும் வைத்தாகிவிட்டது என்றால் இனி நான்கு வாரத்துக்கு மேல் போகாது.

ஓனரிடம் "குருவி பாவம்ங்க" என்று மட்டும் சொன்னால் வேலை ஆகாது. "மார்ச் கடைசியில் பால்கனி காலியாயிரும்ங்க, அதுவரைக்கும் உள் ரூமெல்லாம் அடிச்சுக்கட்டும்ங்க" என்று தேதி சொல்லிக் கேளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள்.

பிப்ரவரி 25

சட்டத்தைச் சொல்லலாமே என்று ஈரோட்டுக்காரர் எழுதியிருக்கிறார். சொல்லலாம், ஆனால் கடைசியில். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்பதற்கான விளக்கத்துக்குள்ளேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வருகிறது. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று இல்லை. ஆனால் வாடகைக்கு இருப்பவர் ஓனரிடம் முதல் பேச்சிலேயே சட்டத்தை எடுத்தால் அது குருவிக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

பிப்ரவரி 27

துணிக் கொடி பற்றி. அதை அவிழ்க்க வேண்டியதில்லை. நீங்கள் தினமும் அந்த நேரத்தில் வந்து போவீர்கள் என்று தெரிந்துதான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. வழக்கம் மாறினால்தான் அதற்குச் சிக்கல். கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொடியில் பெரிய போர்வை, சேலை போடாமல் சின்னத் துணியாகப் போடுங்கள். காற்றில் அடித்து மறைக்கிற துணியைப் பார்த்து மிரளும். போகும்போது கூட்டைப் பார்க்காமல் போங்கள். பார்க்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் நின்று உற்றுப் பார்க்கிற எதுவும் அதன் கண்ணுக்கு எதிரிதான். நடந்து போகிற ஆள் எதிரி இல்லை.

செல்போனைத் தலைக்கு மேலே நீட்டி முட்டையைப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். அம்மாக் குருவி பதறிப் பறந்து கம்பத்தில் உட்கார்ந்து கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காகமும் செம்போத்தும் வந்து தேட ஆரம்பிக்கும். கூடு கட்டும் நாட்களிலும் முட்டை வைத்த முதல் சில நாட்களிலும் தொந்தரவு கொடுத்தால் அப்படியே கைவிட்டுப் போவது அதிகம். குஞ்சு பொரிந்தபின் அவ்வளவு சுலபமாக விடாது.

மார்ச் 2

"ஏன் மரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறது?" என்று நாமக்கல் நண்பர் கேட்டிருக்கிறார். நான் பார்த்தவரை இரண்டு காரணம்.

ஒன்று, ஆள் நடமாட்டம். காகம் போர்ட்டிகோவுக்குள் நுழையத் தயங்கும், வல்லூறு இன்னும் தயங்கும். நாம் இருப்பதே குருவிக்குக் காவல். இன்னொன்று, காற்று. எங்கள் பல்லடம் பக்கம் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. திறந்த மரத்தில் தொங்கும் கூடு வைகாசி, ஆனி தாண்டினால் பிய்ந்துவிடும். சன்ஷேடுக்குக் கீழே, மூன்று பக்கமும் சுவர் இருக்கும் இடத்தில் அந்தப் பயம் இல்லை.

எங்கள் வீட்டில் தேன்சிட்டு கட்டியது காலிங் பெல் ஒயரில். ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும், கட்டுகிற வேலை முழுக்கப் பெண்தான். ஒட்டடையை அலகில் சுருட்டிச் சுருட்டி எடுத்து வந்து, அதைப் பசை மாதிரி வைத்து, காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் செதில், புழுவின் எச்சம் எல்லாவற்றையும் ஒட்டியது. பார்த்தால் குப்பை தொங்குவது போல இருக்கும். வாசலுக்கு மேலே சின்ன இறவாரம் வேறு வைத்தது. பெல் அடிக்காதீர்கள் என்று கேட்டில் எழுதி ஒட்டினோம். பால்காரரிலிருந்து கேஸ் போடுகிறவர் வரை எல்லோரும் "அம்மிணி" என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். என் அம்மா அந்த நாட்களில் வாசலில் உட்கார்ந்துதான் காய் அரிந்தார். பறவை ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒட்டடை பற்றி ஒரு வரியில் போய்விட்டேன். அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

தைக்கு முன்னால் வெள்ளையடித்து, ஒட்டடைக் கம்பை வைத்து மூலை மூலையாகத் துடைத்துவிடுகிறோம். மாசி பிறந்ததும் தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்டச் சிலந்தி நூலைத் தேடுகின்றன. வீட்டுக்குள் அடியுங்கள், யார் வேண்டாம் என்றது. வெளிப்புறத்தில் மோட்டார் ரூம், மாடிப்படிக்கு அடியில், காம்பவுண்டு மூலையில் கொஞ்சம் விடுங்கள். சிலந்தி இருந்தால் நூலும் கிடைக்கும், குஞ்சுக்குத் தீனியும் கிடைக்கும். தேன்சிட்டு தேன் குடிக்கிற பறவைதான், ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியும் சின்னப் பூச்சியும்.

சிட்டுக்குருவியும் அப்படித்தான். பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்குப் புழுதான் வேண்டும். கம்பு இறைத்துவிட்டு, கறிவேப்பிலைச் செடிக்கு மருந்தடித்தால் அந்தக் கம்பால் குஞ்சுக்குப் பயன் இல்லை. கறிவேப்பிலையில் இருக்கும் புழுவைக் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். எடுக்காமல் விட்டால் தையல்சிட்டே எடுத்துவிடும்.

மார்ச் 6

கூடு கட்டப் பெட்டி வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வையுங்கள், சிட்டுக்குருவிக்கு அது உதவும். ஆனால் கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு எதுவும் பெட்டிக்குள் போகாது. பெட்டியும் பொந்தும் தேடுவது சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், ஆந்தை, கிளி போன்றவைதான்.

வைப்பவர்கள் துளையைக் கவனியுங்கள். ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். வாசலுக்கு முன்னால் உட்காரக் குச்சி தேவையில்லை, அது காகத்துக்குத்தான் வசதி. எட்டடி உயரம், மேற்கு வெயில் படாத சுவர். ஒரு ஈடு பறந்து போனபின் உள்ளே இருப்பதைக் கையுறை போட்டு எடுத்துக் கொட்டுங்கள். பேன் மாதிரிச் சின்ன உண்ணி நிறைய இருக்கும், அடுத்த குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கும்.

சீலிங் ஃபேன் கொண்டியின் கிண்ணத்துக்குள் சிட்டுக்குருவி கட்ட ஆரம்பித்தால் முதல் நாளே தடுத்துவிடுங்கள். வைக்கோல் கொண்டுவரும்போதே கிண்ணத்தைத் துணியால் அடைத்து, வெளியே வராந்தாவில் பெட்டி மாட்டுங்கள். எங்கள் அப்புச்சி வீட்டில் சித்திரை வெயிலிலும் ஃபேன் போடாமல் விசிறிக்கட்டையால் வீசிக்கொண்டு படுத்தோம். எல்லா வீட்டிலும் அது நடக்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யார் ஃபேன் போடாமல் இருப்பார்கள்?

மார்ச் 6, பிற்பகல்

செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கடந்த 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. டவர் கிராமத்திலும்தான் நிற்கிறது.

ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் இருந்த சந்து கான்கிரீட் தளத்தில் இல்லை. மளிகைக் கடை வாசலில் சாக்கைப் பிரித்து வைத்து அளந்து போடும்போது சிந்திய தானியம் இப்போது பாக்கெட்டுக்குள் இருக்கிறது. களத்தில் சோளக்கதிர் அடிப்பதும் குறைந்துவிட்டது. டவரைத் திட்டுவது நமக்குச் சுலபம், ஏனென்றால் அதில் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஓனர் உள்ளறைகளை முதலில் அடிக்கச் சம்மதித்துவிட்டாராம். மிகவும் நல்லது. இரண்டு முட்டை பொரிந்திருக்கிறது, மூன்றாவது கூட்டிலேயே கிடக்கிறது, எடுக்கலாமா என்கிறார். வேண்டாம். கூமுட்டையாக இருக்கலாம், நாளை பொரியவும் செய்யலாம். எதுவாக இருந்தாலும் அதை அவை பார்த்துக்கொள்ளும்.

நாற்றம் வரும், எறும்பு வரும் என்று பயப்படுகிறார். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, சிட்டுக்குருவிக் குஞ்சுகளின் எச்சம் சின்னச் சவ்வுப் பைக்குள் கட்டியாக வரும். தாயும் தகப்பனும் அதை அலகில் எடுத்துக்கொண்டு போய் தூரத்தில் போட்டுவிடும். கூடு கடைசி நாட்கள் வரை சுத்தமாகவே இருக்கும். அசுத்தம் செய்வது புறா. அதற்கு இந்தப் பழக்கம் இல்லை.

மார்ச் 11

புறா என்று ஒரு வார்த்தை எழுதியதற்கு இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கோவை அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டீர்கள்.

இரண்டைப் பிரித்துப் பேசுவோம். சின்னத் தவிட்டுப்புறாவும் புள்ளிப்புறாவும் நான்கைந்து குச்சியை வைத்து இரண்டு முட்டை இட்டு ஒரு மாதத்தில் போய்விடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாடப்புறா அப்படி இல்லை. வருடம் முழுக்க, ஈடு மேல் ஈடாக, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் குடியிருக்கும். அதன் எச்சம் காய்ந்து தூளானதைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரலாம், நாள்பட்டால் ஆபத்து. ஆஸ்துமா இருப்பவர், வயதானவர் இருக்கும் வீட்டில் மாடப்புறாவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது தூக்கி எறியாதீர்கள். குஞ்சு பறந்த அன்றே, அடுத்த ஈடு வைக்கும் முன்னால் வலை அடித்துவிடுங்கள். எச்சத்தைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். காய்ந்ததை விளக்குமாற்றால் தள்ளவே கூடாது.

வலையில் தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்த வலையில் தேன்சிட்டு மாட்டித் தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 15

குஞ்சு விழுந்துவிட்டது என்று அவசரமாகக் கேட்ட கோபிக்காரருக்கு:

உடம்பில் இறகு இல்லாமல், கண் மூடி இருந்தால் கூட்டிலிருந்து விழுந்தது. எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. எங்கள் அம்மாயியும் அப்படித்தான் சொல்வார், நானும் நெடுநாள் கேட்டு வளர்ந்த பேச்சுதான் அது. குருவி மனித வாடைக்காகக் குஞ்சை விட்டுவிடாது. கூடே பிய்ந்து விழுந்திருந்தால், அடியில் ஓட்டை போட்ட சின்ன ஓலைக்கூடையிலோ கொட்டாங்கச்சியிலோ பழைய கூட்டை வைத்து அதே கிளையில் கட்டுங்கள்.

இறகு முளைத்து, குட்டை வாலோடு, தரையில் தத்தித் தத்திப் போனால் அது விழவில்லை. பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் நிற்பதால்தான் இறங்கி வரவில்லை. பூனை இருந்தால் மட்டும் எடுத்துப் புதரில் உயரமாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு வகைக்கும் சோறு, பால், பன் எதுவும் கொடுக்காதீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கும், தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். அன்போடு கொடுத்த தண்ணீரில் செத்த குஞ்சுகள்தான் நிறைய.

மார்ச் 16

பூனை. நேற்று "பூனை இருந்தால் மட்டும்" என்றேன். பூனை இல்லாத தெரு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள், நியாயம்தான். வளர்க்கும் பூனையை, குஞ்சு இறங்கும் அந்த நாலைந்து நாள் விடிகாலையிலும் சாயங்காலத்திலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெருப்பூனைக்கு, பொள்ளாச்சிக்காரர்கள் தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்பார்களே, அதையே கூடு இருக்கும் மரத்தின் தண்டில் சுற்றுங்கள். ஆணி வேண்டாம், கம்பியால் கட்டினால் போதும். கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரத்தால் பலன் இல்லை.

சாரைப்பாம்பு வந்தால் என்ன செய்வது என்றும் கேள்வி. ஒன்றும் செய்ய வேண்டாம். பாம்புக்கும் பசிக்கும். ஒரு கூடு போனால் கொண்டைக்குருவி அதே பருவத்தில் மறுபடி கட்டும். மனம் கேட்காதுதான். எனக்கும் ஒருமுறை கேட்கவில்லை, தடியை எடுத்துக்கொண்டு போனேன், அம்மா வாங்கிக் கீழே போட்டுவிட்டார்: "அது எலியையும் திங்கும் கண்ணு, விடு."

மார்ச் 22

திருப்பூரில் மட்டும் நடக்கும் விஷயம் ஒன்று. பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட், தையல் கடை நூல் எல்லாம் தெருவில் கிடக்கும். தையல்சிட்டுக்குக் கொண்டாட்டம். இலையின் ஓரத்தில் ஓட்டை போட்டு, பஞ்சைத் திரித்துக் கோத்து, இரண்டு இலையைச் சேர்த்துப் பை செய்கிறது. பருத்திப் பஞ்சு என்றால் சிக்கல் இல்லை. பாலியஸ்டர் நூல் அறுபடாது. குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் கால் வளர வளர இறுக்கி, கால் அழுகிப் போகும். எங்கள் தெருவில் பறக்கும் வயது வந்தும் கூட்டிலேயே நூலில் மாட்டிக்கொண்டிருந்த சில்லைக் குஞ்சைக் கத்தரிக்கோலால் வெட்டி விட்டோம்.

பறவைக்கு உதவி என்று நூல்கண்டைக் கொடியில் தொங்கவிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கொடுக்க ஆசை என்றால் இலவம்பஞ்சு, காய்ந்த புல், தேங்காய் நார் போதும்.

மார்ச் 27

தொட்டிக் குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டனவாம். கூமுட்டை கூட்டிலேயே கிடக்கிறதாம். இனி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். கொண்டைக்குருவி பெரும்பாலும் பழைய கூட்டைத் திரும்பப் பயன்படுத்தாது. கட்டுவதென்றால் பக்கத்தில் புதிதாகக் கட்டும்.

மின்சாரப் பெட்டிக்குள் கட்டினால் என்ன செய்வது என்று கரூர்க்காரர் கேட்டிருக்கிறார். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் குருவி முட்டை வைத்ததால், ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்குப் போடாமல் இருந்தது. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டி என்றால் கை விடாதீர்கள். வைக்கோல் தீப்பிடிக்கும். கட்ட ஆரம்பித்த அன்றே மின்வாரியத்தில் சொல்லி, அவர்கள் ஆள் வந்து எடுத்து, ஓட்டையை அடைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஏப்ரல் 13

சித்திரை பிறக்கப் போகிறது. தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் குழியான சட்டி வைக்காதீர்கள். இரண்டு அங்குல ஆழம், உள்ளே ஒரு கல். குஞ்சு விழுந்தால் ஏறி வரக் கல் வேண்டும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றினால் கொசுவும் வராது. கூட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், தண்ணீருக்கு வரும் காகம் கூட்டையும் பார்க்கும்.

ஏப்ரல் 20

அவிநாசியிலிருந்து வந்திருக்கும் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. மொட்டை மாடியில் கொட்டி வைத்த ஜல்லியில் ஆக்காட்டி நான்கு முட்டை வைத்திருக்கிறது. மாடிக்கு ஏறினால் தலையைக் கொத்துவது போலப் பாய்கிறது.

ஆக்காட்டி தரையில் முட்டை வைக்கும் பறவை. காட்டில் ஏர் ஓட்டும்போது முட்டையைப் பார்த்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றி உழுவார்கள், நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் மாடியில் ஜல்லியைப் பார்த்துப் பொட்டல் காடு என்று நினைத்துவிட்டது. நான்கு வாரம் அடைகாக்கும். வெயிலுக்குப் பயப்படாதீர்கள். தாய் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரச் செய்யும். கொஞ்சம் தள்ளி ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் அதற்கு அலைச்சல் குறையும்.

சிக்கல் பொரிந்த பிறகுதான். இதன் குஞ்சு கூட்டில் உட்காராது, காய்ந்ததும் ஓட ஆரம்பிக்கும், தானே இரை பொறுக்கும். மாடியில் பொறுக்க ஒன்றும் இல்லை, கைப்பிடிச் சுவரைத் தாண்டவும் முடியாது. குஞ்சுகள் ஓடுவதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் எடுத்து, தாய் பார்க்கும்படி, பக்கத்துக் காலி இடத்தில் இறக்கிவிட்டு விலகிவிடுங்கள். கத்திக்கொண்டே இறங்கி வந்துவிடும்.

ஏப்ரல் 21

"முட்டையை எடுக்கக் கூடாது என்றீர்கள், குஞ்சை எடுக்கச் சொல்கிறீர்கள்" என்று ஒருவர். ஆமாம். கண் திறக்காமல் கூட்டில் கிடக்கும் குஞ்சு வேறு, பொரிந்ததும் ஓடும் குஞ்சு வேறு. ஓடும் குஞ்சு தாயின் குரலைக் கேட்டு அதன் பின்னால் போகும், அதற்கு இடம் முக்கியம் இல்லை.

மயிலும் அப்படித்தான். தென்னந்தோப்பில், வேலியோரத்தில் மயில் முட்டை கிடைத்தால் எடுத்துக் கோழிக்கு அடைவைக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். மயில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விதைத்த சோளத்தையும் தக்காளியையும் மயில் அழிப்பதில் விவசாயிக்கு இருக்கும் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும், எங்கள் தோட்டத்திலும் அதே கதைதான். அது தனியாகப் பேச வேண்டியது. அதற்கான பதில் முட்டை எடுப்பது இல்லை.

மே 4

மார்ச் 2 அன்று, ஏன் வீட்டுக்குள் வருகிறது என்பதற்கு ஆளும் காற்றும் என்று இரண்டு காரணம் சொன்னேன். போன வாரம் காங்கேயம் போய் வந்ததிலிருந்து மூன்றாவது ஒன்று மனதில் ஓடுகிறது.

அப்பா ஊரில் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, சுற்றிக் கிளுவை வேலி இருந்தது. ஆள் உயரம், கை நுழையாத நெருக்கம், முள். அதற்குள் தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, சில்லை, கருஞ்சிட்டு எல்லாம் கட்டும். பூனை நுழைய முடியாது, காகமும் நுழைய முடியாது. ஒவ்வொரு காடாக வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். மனை பிரித்த இடத்தில் ஹாலோபிளாக் சுவர். அந்த வழியில் போகும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: நம் பால்கனிக்கு வருகிற குருவியில் பாதி, வேலி இழந்து வருகிற குருவி.

மே 6

தாராபுரத்துக்காரர் மறுக்கிறார். கிளுவை மாசி பங்குனியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், கொண்டைக்குருவி கட்டும் காலத்தில் அதில் மறைவே இல்லை, பிறகு எப்படி என்கிறார். நல்ல கேள்வி. இலை உதிர்வது உண்மை. ஆனால் வேலியில் கிளுவை மட்டும் நிற்பதில்லை. சங்கஞ்செடி கோடையிலும் பச்சையாக இருக்கும். கள்ளி இருக்கும். கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிப் படர்ந்திருக்கும். எங்கள் வேலியில் கொண்டைக்குருவிக் கூடு எப்போதும் சங்கஞ்செடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். சில்லையும் கதிர்க்குருவியும் மழைக்குப் பிறகு, கிளுவை துளிர்த்தபின் கட்டும். ஆக, வெறும் கிளுவையைச் சீராக நட்டு, கொடியையெல்லாம் அறுத்துவிட்டால் அவர் சொல்வது போலத்தான் ஆகும். பாதி என்று நான் சொன்னது அளந்து சொன்ன கணக்கு இல்லை, என் எண்ணம். எண்ணம் மாறவில்லை.

ஜூலை 27

ஆடிக் காற்று. தேன்சிட்டுக் கூடு அறுந்து விழுந்தது என்று மூன்று இடத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். தொங்கும் கூடு ஆடினால் பரவாயில்லை, ஆடத்தான் கட்டியிருக்கிறது. சுவரில் மோதினால்தான் முட்டை உடையும். ஒயரின் அடிமுனையைத் தளர்வாக ஒரு நூலால் இழுத்துக் கட்டுங்கள், கூட்டைத் தொடாமல். தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் ஒரே ஆள் போய்ச் சட்டென்று செய்துவிட்டு வாருங்கள்.

ஆகஸ்ட் 31

இரண்டரை சென்ட் மனையில் வேலிக்கு எங்கே போவது என்று பலர். முழு வேலி வேண்டாம். பின்பக்கச் சுவரோரம் ஒரு கோவைக்கொடி ஏற்றுங்கள், ஒரு செம்பருத்தி, இடம் இருந்தால் ஒரு முருங்கை. கத்தரித்து அழகுபடுத்துவதை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மாசியிலிருந்து ஆனி வரை கத்தரிக்கோலை உள்ளே வையுங்கள். வெட்ட வேண்டியே வந்தால் முதலில் செடிக்குள் பாருங்கள்.

இடம் இருப்பவர்கள் கிளுவை நடுங்கள். காங்கேயம் பக்கம் வேலி கழிக்கும்போது கேட்டால் போத்து, அதாவது ஊன்றும் கிளைக்கம்பு, சும்மாவே கொடுப்பார்கள். கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாமல், நெருக்கமாக, மழைக்கு முன்னால் ஊன்றிவிடுங்கள். நடுவில் அங்கங்கே சங்கஞ்செடியைத் தோண்டி வந்து வையுங்கள், அது வேர் பிடிக்க நேரம் எடுக்கும். முதல் வருடம் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொடி தானாக ஏறும். அறுக்காதீர்கள்.